தகரக் கொட்டகையின் இரவு

2022 அக்டோபர் 18 அன்று, பொழுது விடிவதற்கு முன், காஷ்மீரின் ஷோபியான் மாவட்டத்து ஹர்மேன் கிராமத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கையெறி குண்டு விழுந்தது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த இருவர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் மாவட்டத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். ஓராண்டுக்கு முன், 2021 அக்டோபர் 17 அன்று, குல்காம் மாவட்டத்து வான்போவில் பீகார்த் தொழிலாளர்கள் வாடகைக்கு இருந்த அறைக்குள் புகுந்து சுட்டார்கள். இருவர் இறந்தனர், ஒருவர் காயத்தோடு தப்பினார். அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன், 2019 அக்டோபர் 29 மாலை, அதே குல்காமின் கத்ராசூ கிராமத்தில் வங்காளத்திலிருந்து வந்த ஆறு பேரை அவர்கள் தங்கியிருந்த வீட்டிலிருந்து வெளியே இழுத்து வந்து சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள்.

மூன்றும் அக்டோபர். ஆப்பிள் பறிக்கும் மாதம். மூன்றிலும் சாவு வந்தது வேலையிடத்துக்கல்ல, படுக்கும் இடத்துக்கு. எல்லைப் பகுதிகளில் பயங்கரவாதம் வெளிமாநிலத் தொழிலாளியை என்ன செய்கிறது என்ற கேள்வியை நான் இந்தப் படுக்கையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். கொன்றவர் யார், எந்தக் குழு, யார் பின்னணி என்பதையெல்லாம் விவாதிக்க ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அந்த மனிதர் ஏன் அந்த இரவில் அந்தக் கொட்டகையில் படுத்திருந்தார் என்று கேட்பவர்கள்தாம் குறைவு.

காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுதோறும் மூன்று முதல் நான்கு லட்சம் பேர் வேலை தேடி வருவதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பனி உருகும் மார்ச்சில் வரத் தொடங்குவார்கள். நவம்பரில் குளிர் இறங்கும்போது ஊர் திரும்புவார்கள். பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், பஞ்சாப் என்று பல ஊர்க்காரர்கள். ஆனால் பள்ளத்தாக்கில் பேச்சுவழக்கில் பெரும்பாலும் எல்லோரும் ‘பிஹாரி’தான். ஜூனில் நாற்று நடுவது இவர்கள். கொத்தனார், தச்சர், பெயின்டர், முடிதிருத்துபவர், பானிபூரி வண்டிக்காரர் இவர்கள். புத்காம், புல்வாமா செங்கல் சூளைகளில் குடும்பத்தோடு மண் பிசைபவர்கள் இவர்கள். இந்திய ஆப்பிளில் ஏறக்குறைய முக்கால் பங்கு காஷ்மீரில் விளைகிறது. பறிப்பு, தரம் பிரிப்பு, பெட்டி அடிப்பு, லாரி ஏற்றுதல் ஆகிய வேலைகளில் இவர்கள் கை இல்லாமல் பருவம் முடிவதில்லை.

ஏன் இத்தனை தூரம் வருகிறார்கள்? ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலப் புள்ளிவிவரக் கையேட்டில் 2021-22க்கான கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி இருக்கிறது. கேரளத்தில் 837 ரூபாய். அடுத்த இடம் ஜம்மு காஷ்மீர், 519 ரூபாய். தமிழ்நாடு 478. அகில இந்தியச் சராசரி 373. திருப்பூருக்கோ கோவைக்கோ ரயிலேறும் அதே பீகார்க் குடும்பத்தின் இன்னொரு பிள்ளை ஜம்முவுக்கு ரயிலேறுவது இந்தக் கணக்கினால்தான். கோடையில் சமவெளியின் கடும் வெயிலும் இல்லை. பள்ளத்தாக்கின் கூலி தமிழ்நாட்டுக் கூலியைவிடக் கூடுதல் என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

காஷ்மீரில் கூலி ஏன் கூடுதல் என்பதற்குப் பின்னால் ஒரு நிலவரலாறு இருக்கிறது. 1950இல் ஷேக் அப்துல்லா அரசு கொண்டுவந்த பெருநிலவுடைமை ஒழிப்புச் சட்டம் ஒருவர் வைத்துக்கொள்ளும் நிலத்துக்கு 182 கனால், அதாவது சுமார் 22 ஏக்கர் என்று உச்சவரம்பு போட்டு, மீதியை இழப்பீடு தராமலே உழுதவருக்குக் கொடுத்தது. இந்தியாவில் வேறெங்கும் அவ்வளவு துணிவாக நடக்காத காரியம். அதன் பலனாகக் காஷ்மீர்க் கிராமத்தில் துளி நிலமும் இல்லாத கூலிக் குடும்பம் அரிது. நெல்வயல் பழத்தோட்டமாக மாற மாற, பிள்ளைகள் படித்து வேறு வேலை தேட, அறுவடைக்கு ஆள் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். பீகாரில் நிலச்சீர்திருத்தம் ஏட்டளவில் நின்றதால் நிலமற்றவர்கள் பெருகினார்கள். நிலம் கிடைத்த ஊருக்கும் நிலம் கிடைக்காத ஊருக்கும் நடுவே ஓடும் பாதை இது. இதை யாரும் திட்டமிட்டுக் குடியேற்றவில்லை.

ஆனால் எல்லைப் பகுதி என்பது நிலம் யாருடையது என்ற வழக்கு முடியாத இடம். அங்கே வெளியூர்க்காரர் ஒருவர் பாய் விரித்துப் படுப்பதும் அரசியல் செய்தியாகப் படிக்கப்படுகிறது. 2000 ஆகஸ்ட் முதல் நாள் இரவு, பஹல்காமில் அமர்நாத் யாத்திரிகர்கள் கொல்லப்பட்ட அதே நேரத்தில், தெற்குக் காஷ்மீரின் சூளைகளில் வேலைசெய்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2006 ஜூனில் குல்காம் பகுதியில் நேபாள, பீகார்த் தொழிலாளர்கள் ஒன்பது பேர். 2007இல் வடக்குக் காஷ்மீரில் ஒரு சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவர்களில் வெளிமாநிலத்தாரும் இருந்தபோது, வெளிமாநிலத் தொழிலாளர்கள் வெளியேற வேண்டும் என்று பிரிவினைத் தலைவர் சையத் அலி ஷா கிலானி குரல் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டினார்கள். ஆக, 2019க்குப் பின்தான் இது தொடங்கியது என்று சொல்வது சரியல்ல.

2019க்குப் பின் மாறியது, கொலைக்குச் சொல்லப்பட்ட காரணம். காஷ்மீருக்குத் தனி நிலை தந்த அரசியலமைப்பின் 370ஆம் பிரிவு செயலிழந்து, 2020இல் புதிய இருப்பிட விதிகள் வந்தன. பதினைந்து ஆண்டு வசித்தவர் இருப்பிடச் சான்று கேட்கலாம் என்றது விதி. 2022 ஆகஸ்ட்டில், அங்கே வழக்கமாக வசிக்கும் வெளிமாநிலத்தாரும் வாக்காளராகப் பதியலாம் என்றும், இருபது லட்சத்துக்கு மேல் புதிய வாக்காளர் சேரலாம் என்றும் தேர்தல் அதிகாரி சொன்னார். சில நாட்களில் நிர்வாகம் விளக்கம் தந்தும் ஐயம் தீரவில்லை. மக்கள்தொகையை மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் காஷ்மீரிகளிடையே உண்மையாகவே இருக்கிறது. அந்த அச்சத்தைத்தான் ‘தி ரெசிஸ்டன்ஸ் ஃப்ரண்ட்’ போன்ற குழுக்கள் துப்பாக்கியில் ஏற்றின. லஷ்கர்-ஏ-தொய்பாவின் மறுபெயர் என்று இந்திய அரசு 2023 ஜனவரியில் தடைசெய்த குழு அது. ‘குடியேறி’ என்ற முத்திரை யார்மீது விழுந்தது? மார்ச்சில் வந்து நவம்பரில் போகிறவர்மீது. பதினைந்து ஆண்டு வசித்ததற்குச் சான்று காட்ட முடியாத, ஒரே ஊரில் இரண்டு பருவம் தங்கியிராத ஆள்மீது. காஷ்மீரில் நிலம் வாங்கும் பணம் அவருக்கு இருந்தால் அவர் காஷ்மீருக்கே வந்திருக்க மாட்டார்.

மதத்தை மட்டும் வைத்தும் இதை விளக்க முடியாது. கத்ராசூவில் கொல்லப்பட்ட ஐந்து பேரும் முர்ஷிதாபாத் மாவட்டம் சாகர்திகி வட்டாரத்து பஹால்நகரைச் சேர்ந்த முஸ்லிம்கள். 2021 அக்டோபரில் புல்வாமாவில் கொல்லப்பட்ட சஹாரன்பூர்த் தச்சரும் முஸ்லிம்தான். அதே மாதத்தில் ஸ்ரீநகரில் பானிபூரி விற்ற பீகார்க்காரர்கள் இருவர் தனித்தனியே கொல்லப்பட்டார்கள், அவர்கள் இந்துக்கள். இந்தப் பட்டியலில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது வெளியூர் முகமும் காவலின்மையுமே. நாட்டின் வேறு பகுதிகளில் இச்செய்திகள் ஒரு மதத்தார்மீது நடந்த தாக்குதலாக மட்டும் சுருக்கிச் சொல்லப்பட்டபோது, பஹால்நகரின் ஐந்து வீடுகள் அந்தச் சித்திரத்துக்கு வெளியே தள்ளப்பட்டன.

கத்ராசூ நாட்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் பள்ளத்தாக்கில் தொலைபேசி, இணையம் எல்லாம் துண்டிக்கப்பட்டன. அக்டோபர் 14 அன்று போஸ்ட்பெய்டு கைப்பேசிகளுக்குப் பேச்சு வசதி திரும்பியது. ப்ரீபெய்டு சிம்களுக்கு அடுத்த ஜனவரியில்தான் திரும்பியது. கூலித் தொழிலாளி கையில் இருப்பது எது என்று சொல்லத் தேவையில்லை. தோட்டத்தில் நிலைமை எப்படி, இருக்கலாமா கிளம்பலாமா என்று ஊரோடு கலந்து பேசித் தீர்மானிக்கும் வசதி அவருக்கு இல்லாத வாரங்களில்தான் லாரி ஓட்டுநர்கள், ஓர் ஆப்பிள் வியாபாரி, ஒரு சத்தீஸ்கர்ச் சூளைத் தொழிலாளி என்று அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். கத்ராசூவுக்குப் பின் மேற்கு வங்க அரசு தன் தொழிலாளர்கள் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோரை ஜம்முவிலிருந்து ரயிலில் அழைத்துப்போனது. மாநில அரசு ஒன்று தன் கூலியாட்களைத் தேடிப்போய்க் கூட்டிவந்தது அபூர்வம். பாராட்ட வேண்டிய செயல்.

செத்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்வியின் அளவு பிடிபடாது. லட்சக்கணக்கில் வருகிறவர்களில் கொல்லப்படுகிறவர்கள் ஆண்டுக்குச் சிலர். ஓடுகிறவர்கள் ஆயிரங்கள். 2021 அக்டோபரில் ஜம்மு ரயில் நிலையத்தின் நடைமேடையில் குழந்தைகளையும் மூட்டைகளையும் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்த கூட்டம் அந்த மாதத்தின் படங்களில் பதிவாகியிருக்கிறது. ஓடுவதற்கு என்ன விலை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு 520 ரூபாய் என்று வைத்தால், பருவத்தின் கடைசி நாற்பது நாட்களை விட்டுவிட்டுப் போகிறவர் 20,800 ரூபாயை இழக்கிறார். ஊருக்குக் கொண்டுபோகும் பணம் பெரும்பாலும் அந்தக் கடைசி நாட்களில்தான் கைக்கு வரும். அதற்கு முன் சம்பாதித்தது வாடகைக்கும் அரிசிக்கும் வழிச்செலவுக்கு வாங்கிய கடனுக்கும் போயிருக்கும். மேஸ்திரியிடம் நிற்கும் பாக்கிக்கூலி வேறு. நள்ளிரவில் கிளம்புகிறவர் யாரிடம் போய்க் கணக்கு முடிப்பார்?

சூளைக்காரர்களுக்கு ஓடவும் முடியாது. வட இந்தியாவெங்கும் சூளைவேலை முன்பணத்தில் நடக்கிறது. பருவத் தொடக்கத்தில் தரகர் ஊரில் வந்து குடும்பத்தின் கையில் பணம் தருவார். அந்தத் தொகை கழியும்வரை அறுத்த கல்லை எண்ணிக் கழிப்பார்கள். கணவன், மனைவி, சற்றே வளர்ந்த பிள்ளை எல்லோரும் சேர்ந்தால்தான் எண்ணிக்கை ஏறும். அவர்கள் குடியிருப்பது சூளைக்குப் பக்கத்தில் வேகாத கல்லை அடுக்கித் தகரம் போட்ட குடிசை, ஊருக்கு வெளியே, விளக்கில்லாத வெட்டவெளியில். 2022 ஜூன் 2 அன்று குல்காமில் ராஜஸ்தானைச் சேர்ந்த வங்கி மேலாளர் ஒருவர் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். அன்று மாலையே புத்காமின் சதூராவில் ஒரு சூளைத் தொழிலாளி கொல்லப்பட்டார். மேலாளரின் கொலை கேமராவில் பதிவாகி நாடெங்கும் பேசப்பட்டது, அது நியாயமே. பள்ளத்தாக்கில் பணியிலிருந்த அரசு ஊழியர்கள் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றல் கேட்டுப் போராடினார்கள், அவர்களுக்குச் சம்பளம் என்ற பிடிமானமாவது இருந்தது. சூளைத் தொழிலாளி மாற்றல் கேட்க ஒரு மேசை கிடையாது.

பயம் வேலையையும் சுருக்கிவிடுகிறது. பானிபூரி மாலை நேரத்து வியாபாரம். இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடு என்று சொன்னால் அந்தத் தொழிலே போயிற்று. முடிதிருத்தும் கடையும் அப்படித்தான். தோட்டக்காரர் பக்கம் பார்த்தால், மரத்தில் பழுத்த ஆப்பிள் காத்திருக்காது. ஆள் போய்விட்டால் உதிரும், விலை விழும். வெளியூர் ஆட்களுக்கு அறை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் உள்ளூர்க் குடும்பத்துக்கு வருமானம் போகிறது. வாடகைதாரர் விவரத்தைக் காவல்துறையிடம் தரவில்லை என்றால் வீட்டுக்காரர்மீதே வழக்கு என்ற நிலையில், எதற்கு வம்பு என்று அறையைக் காலிசெய்யச் சொல்வதும் நடக்கக் கூடியதுதான். பாதுகாப்புக்காகப் போட்ட உத்தரவு, அறைக்குள் இருந்தவரைக் கொட்டகைக்குத் தள்ளிவிடலாம் என்பதை உத்தரவு போடுகிறவர்கள் யோசிப்பதில்லை.

காஷ்மீரிகளும் புலம்பெயர் தொழிலாளர்களே என்பது இந்தப் பேச்சில் அடிக்கடி விடுபடுகிறது. குளிர்காலத்தில் சால்வை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வங்காளம் முதல் தென்கோடிவரை தெருத்தெருவாகப் போகிறவர்கள் குப்வாரா, பாரமுல்லாப் பக்கத்து ஆட்கள். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவல் படையினர் நாற்பது பேர் கொல்லப்பட்டதும், பல மாநிலங்களில் காஷ்மீரி மாணவர்களும் வியாபாரிகளும் தாக்கப்பட்டார்கள். அவர்களைக் காப்பாற்றுமாறு பதினொரு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம் லக்னோவில் நடைபாதையில் உலர்பழம் விற்ற காஷ்மீரிகளை அடித்தார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் நடந்த சுற்றுலாப் பயணிகள் படுகொலைக்குப் பின் முசோரியில் சால்வை விற்றவர்கள் அடிபட்டார்கள். யாரோ செய்ததற்குப் பீகார்க்காரர் ஸ்ரீநகரில் விலை தருகிறார், குப்வாராக்காரர் முசோரியில் விலை தருகிறார். இருவரும் தெருவில் நின்று விற்கிறவர்கள், இருவருக்கும் பின்னால் ஒரு கதவு கிடையாது.

பார்வையைக் காஷ்மீருக்கு வெளியே கொண்டுபோனாலும் அதே கொட்டகைதான். ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் ஒட்டிய பாகிஸ்தானின் பலுசிஸ்தானில், 2015 ஏப்ரலில் துர்பத் அருகே வேலைத்தளத்து முகாமில் உறங்கிக்கொண்டிருந்த இருபது தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்றார்கள். பஞ்சாப், சிந்து மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். 2024 மே மாதம் குவாதர் அருகே பஞ்சாபிலிருந்து வந்த முடிதிருத்துவோர் ஏழு பேர் உறக்கத்தில் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் துக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் குடியிருப்பில் குறைந்தது இருபது பேர். அங்கேயும் மண்ணின் வளம் வெளியே போகிறது என்ற மனக்குறை உண்மையானது. அதற்கான பழி, அந்த வளத்தில் ஒரு பங்கும் இல்லாத ஆள்மீது விழுந்தது.

காசா எல்லையோர இஸ்ரேலியப் பண்ணைகளில் 2023 அக்டோபர் 7 அன்று கொல்லப்பட்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் தாய்லாந்து விவசாயத் தொழிலாளர்கள். முப்பது பேர் அளவில் கடத்தப்பட்டார்கள். வேலைசெய்துகொண்டே வேளாண்மை படிக்க வந்த நேபாள மாணவர்கள் பத்துப் பேர் அலுமிம் கிப்புட்ஸில் இறந்தார்கள். அதன்பின் பாலஸ்தீனத் தொழிலாளர்களின் அனுமதிகள் நிறுத்தப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வாரத்தில் பிழைப்பை இழந்தார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்ப உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் கொத்தனார்களைத் தேர்வுசெய்து அனுப்பினார்கள். 2024 மார்ச் 4 அன்று லெபனான் எல்லையோரத்து மர்கலியோட் தோட்டத்தில் ஏவுகணை விழுந்து கேரளத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்தார். ஓர் எல்லையிலிருந்து ஒரு கூட்டம் விரட்டப்பட்டால் அந்த இடத்துக்கு வேறொரு ஏழை நாட்டின் கூட்டம் வருகிறது. தோட்டம் காலியாக இருப்பதில்லை.

இந்தியச் சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது? 1979இன் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரர் ஐந்து பேரையோ அதற்கு மேலோ கூட்டிவந்தால் பொருந்தியது. இடப்பெயர்வுப் படியாக மாதக் கூலியில் பாதி, போக வரப் பயணப்படி, தகுந்த உறைவிடம் ஆகியவை ஒப்பந்தக்காரரின் கடமை என்றது. நடைமுறையில் அது பெரும்பாலும் தூங்கிய சட்டம். ஆனாலும் உறைவிடம் என்ற சொல் அதில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தச் சட்டத்தை விழுங்கிக்கொண்டது. தானாக வேலை தேடி வந்தவரையும் புலம்பெயர்ந்தவராக ஏற்றது அதன் நல்ல மாற்றம். வரம்பைப் பத்துப் பேராக உயர்த்தியதும் இடப்பெயர்வுப் படியைக் கைவிட்டதும் பின்னடைவு. பானிபூரி வண்டிக்காரருக்கோ, தினமும் காலையில் சந்தியில் நின்று ஆளுக்கொரு வீட்டுக்குப் போகும் கொத்தனாருக்கோ இரண்டிலும் இடமில்லை.

இறந்தபின் அரசு பார்க்கிறது. பயங்கரவாதத்தில் இறந்த குடிமகனின் குடும்பத்துக்கு மத்தியத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய். 2016 வரை அது 3 லட்சமாக இருந்தது. மாநிலங்கள் தனியே தருவது ஆளுக்கு ஆள் வேறுபடும். காயம்பட்டவர் பாடுதான் மோசம். நிரந்தர ஊனம் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால்தான் மத்தியத் திட்டம் உதவும். தோளில் தோட்டா பாய்ந்து வலக்கையில் கரணை பிடிக்க முடியாமல் போன கொத்தனாருக்கு மருத்துவச் சான்று 30 என்றோ 40 என்றோ எண் தரலாம். தொழில் நூறும் போயிருக்கும். இந்த விதி எழுதியவர்கள் உடலை அளந்தார்கள், பிழைப்பை அளக்கவில்லை.

என் கருத்தில், செய்ய வேண்டியதில் முதன்மையானது உறைவிடம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் சூளைக்கும் காவலரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. தொழிலாளரை முள்வேலிக்குள் அடைத்துவைத்தால் பிழைப்பும் போகும், உள்ளூர் உறவும் முறியும். தோட்டக்காரர் சங்கங்களும் பஞ்சாயத்துகளும் சேர்ந்து பருவகாலத்துக்கு ஊருக்கு நடுவே, மக்கள் நடமாட்டத்துக்குள், கதவும் விளக்கும் உள்ள தங்குவிடுதிகளை நடத்தலாம். வெளியூர்க்காரரை உள்ளூர்க்காரரின் பார்வையிலிருந்து பிரித்து ஒதுக்குப்புறத்தில் போடுவது செலவு மிச்சத்துக்காக நடக்கிறது, கொலைகாரருக்கு அது வசதியாக அமைகிறது. இரண்டாவது, வாரக்கூலியை வாரத்திலேயே கொடுப்பது. பாக்கி இல்லாதவரால் ஆபத்து வரும்போது கிளம்ப முடியும். மூன்றாவது, சொந்த மாநிலங்களின் பொறுப்பு. பீகாருக்கும் வங்காளத்துக்கும் தங்கள் ஆட்கள் எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்ற பட்டியல் சாவுச்செய்தி வந்தபிறகு தேவைப்படக் கூடாது. 2023 மார்ச்சில் போலிக் காணொளிகளை நம்பித் திருப்பூரிலிருந்து வடமாநிலத்தவர் கூட்டமாகக் கிளம்பியபோது, பீகார்க் குழு தமிழ்நாட்டுக்கே வந்து விசாரித்தது, தமிழ்நாட்டு அரசு அவர்கள் மொழியிலேயே பேசி நம்பிக்கை தந்தது. வதந்திக்கே அவ்வளவு செய்ய முடிந்தது என்றால், துப்பாக்கி உண்மையாகவே இருக்கும் இடத்தில் அந்த ஏற்பாடு நிரந்தரமாக இருந்தாக வேண்டும்.

2024 அக்டோபர் 20 மாலை, ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையில் ககன்கீரில், இசட்-மோர் சுரங்கப்பாதைத் தொழிலாளர் முகாமில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். பகல் வேலை முடிந்து சாப்பாட்டுக்குக் கூடிய நேரம். வெவ்வேறு மாநிலத்துத் தொழிலாளர்களோடு, அந்த முகாமுக்கு வைத்தியம் பார்த்த புத்காம் மாவட்டத்துக் காஷ்மீரி மருத்துவரும் இறந்தார். மூன்று மாதம் கழித்து, 2025 ஜனவரி 13 அன்று, ஆறரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை திறக்கப்பட்டது. இப்போது சோனமார்க்குக்குக் குளிர்காலத்திலும் வண்டி போகிறது. அதற்கு அப்பால் ஜோஜிலா மலையின் அடியில் இதைவிட இருமடங்கு நீளமான சுரங்கத்தை இன்னொரு தொழிலாளர் கூட்டம் குடைந்துகொண்டிருக்கிறது. ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்கள் மலைச்சரிவில் போட்டிருக்கும் முகாம்களில் போய்ப் படுக்கிறார்கள்.